பெதஸ்தா குளத்துப் படிகளில்

எருசலேமுக்குப் போகிறவர்கள் கல்லறை ஆலயத்தையும் ஒலிவ மலையையும் பார்க்கத்தான் ஏங்குவார்கள். அம்மாவுக்கு பெதஸ்தா குளம், நெடுங்காலம் வியாதியாய்க் கிடந்த ஒருவனை இயேசு எழுந்து நடக்கச் செய்த இடம். அப்பா முதுகுத்தண்டு ஜவ்வு விலகிப் படுக்கையில் கிடந்தபோது அவள் செய்த பொருத்தனை அது. "இவர் எழுந்து நடந்தால், இவரையே கூட்டிக்கொண்டு அந்தக் குளத்தங்கரைக்கு வந்து ஸ்தோத்திரம் சொல்வேன் ஆண்டவரே."

அப்போது ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையில் பணம் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் ஒருவர், "நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். நாள் நெருங்க நெருங்க அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அந்த இரவில் அம்மா வாசித்தது அந்தக் குளத்தங்கரைச் சம்பவம் வரும் யோவான் ஐந்தாம் அதிகாரம். மறுநாளிலிருந்து "அவர் மனதைத் திறந்தருளும்" என்ற ஜெபத்தை விட்டுவிட்டாள். "நீரே பார்த்துக்கொள்ளும்", அவ்வளவுதான். அப்புறம் வேறொரு மருத்துவர் பார்த்துவிட்டு, ஆபரேஷனே வேண்டாம், ஓய்வும் பிசியோதெரபியும் போதும் என்றார். மாதக்கணக்கில் ஆயிற்று, ஆனால் அப்பா நடந்தார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லறை ஆலயத்தில் கால் கடுக்க வரிசையில் நின்று உள்ளே போனால், முழங்கால் மடிக்கும் முன்பே "போங்கள், போங்கள்" என்று விரட்டுகிறார்கள். வெளியே வந்தால் ஒலிவமரச் சிலுவையையும் ஜெபமாலையையும் கையில் திணிக்கிறவர்கள். ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். ஜெபிக்க வந்த இடத்தில் மனதை ஒருநிலைப்படுத்துவதே பெரிய பாடாக இருந்தது.

சிங்க வாசல் வழியாகப் பழைய நகருக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்திலேயே புனித அன்னாள் ஆலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது. பிறகு சலாவுதீன் காலத்தில் மதரஸாவாக இருந்து, 1856-ல் உஸ்மானிய சுல்தான் பிரான்சுக்குக் கொடுத்தது. அதன் வளாகத்திலேயேதான் குளம். யோவான் சொல்கிற, ஐந்து மண்டபம் உள்ள குளம் எப்படி இருக்கும் என்று ஒருகாலத்தில் சந்தேகப்பட்டார்களாம். தோண்டிப் பார்த்தபோது அடுத்தடுத்து இரண்டு குளங்கள் வெளிப்பட்டன. நாலு பக்கத்துக்கு நாலு, நடுவிலுள்ள தடுப்பின்மேல் ஒன்று என்று எண்ணினால் யோவான் எழுதியபடியே ஐந்து!

மேலிருந்து பார்த்தால் இடிந்த சுவர்களும் பழைய கோயில்களின் மிச்சமும்தான் தெரிகின்றன. குளம் ஆழத்தில் இருக்கிறது. "முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கேயே நில்லுங்கள், நேரம் குறைவு" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி மற்றவர்களோடு போய்விட்டார். இப்போது முழங்கால் வலி அம்மாவுக்கு. செங்குத்தான படிகளைப் பார்த்துக்கொண்டே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நான் கை கொடுக்கப் போவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வா, நான் இறக்கிவிடுகிறேன்" என்றார். ஒரு காலத்தில் கட்டிலில் திரும்பிப் படுக்கக்கூட ஆள் தேவைப்பட்ட மனுஷன்! ஒவ்வொரு படியாகத் தான் முதலில் இறங்கி, நின்று, அம்மாவின் கையை வாங்கி இறக்கினார். அம்மா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது, அவர்கள் பின்னாலேயே தடவித் தடவி இறங்கினேன்.

அங்கே நின்று அப்பா அந்தப் பகுதியை வாசித்தார். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் சொஸ்தமாவான் என்று நம்பி வியாதிக்காரர்கள் அந்தக் குளத்தருகே காத்துக்கிடந்தார்கள். "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று ஆண்டவர் கேட்கிறார். முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவன் அதற்கு ஆமாம் என்று சொல்வதில்லை. என்னைக் குளத்தில் கொண்டுபோய் விட ஒருவருமில்லை, எனக்கு முன்னே வேறொருவன் இறங்கிப்போகிறான் என்று மனிதர்களைப் பற்றியே பேசுகிறான். தூக்கிவிடாதவர்கள், முந்திக்கொண்டவர்கள். சகலத்தையும் படைத்தவர் எதிரில் நிற்கிறார், அவன் கண் குளத்தின்மேல். ஆண்டவர் அவனுக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தரவில்லை, குளத்தில் இறக்கவும் இல்லை. எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். குளமே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் ஆபரேஷனே தேவைப்படாமல் போனது போல.

நம் ஜெபங்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது. மேலதிகாரியின் மனதை மாற்றும், அண்ணனைக் கடன் தர வையும் என்று, எந்த மனிதர் வழியாக உதவி வரவேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்து ஆண்டவரிடம் கொடுக்கிறோம். அந்த மனிதர் கைவிட்டால் ஆண்டவரே கைவிட்டது போல் நொறுங்கிப்போகிறோம். மனிதர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா படுத்திருந்தபோது சபையார் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், அம்மா ஒவ்வொருவருக்கும் கைகூப்பினாள். கப்பர்நகூம் ஊரில் இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இறக்கவும் நாலு பேர் இருந்தார்களே. அவனுக்கு நாலு பேர், இவனுக்கு ஒருவருமில்லை. இரண்டு பேரிடமும் எழுந்து உன் படுக்கையை எடு என்றுதான் ஆண்டவர் சொன்னார். ஆள் இருந்ததாலும் இல்லாததாலும் அவர் கை குறுகிப்போகவில்லை.

மேலே ஏறி ஆலயத்துக்குள் போனோம். அந்தக் கல் மண்டபத்தில் ஒரு வரி பாடினால் போதும், எதிரொலி அடுத்த வரிவரை நிற்கிறது. அம்மா தனக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றை எடுத்தாள். முன் பெஞ்சில் இருந்த, எந்த நாட்டவர்கள் என்றே தெரியாத சிலர், மொழி புரியாமலேயே ராகத்தைப் பிடித்து முனகினார்கள். என் தேவனே, இதற்கெல்லாம் நாங்கள் எம்மாத்திரம்! படுக்கையில் கிடந்தவரை எழுப்பினீரே, கடல் தாண்டிக் கொண்டுவந்தீரே, அம்மா கைபிடித்து இறங்க அவர் கையையே கொடுத்தீரே.

பாட்டு முடிந்ததும் அம்மா முழங்கால் வலியோடே மண்டியிட்டாள். பிள்ளைகள், பேரன் பேத்திகள், சபையார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தாள். அந்தப் பெயர்களோடு, அன்றைக்குப் போனை எடுக்காத சொந்தக்காரரின் பெயரும் வந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கேட்டாள். அப்பா சத்தமாக "ஆமென்" சொன்னார்.