ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமும் வாய்மையே வெல்லும் வாசகமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் போறவங்க முக்காவாசி பேர் ஆண்டாளை சேவிச்சுட்டு பால்கோவா வாங்கிட்டு பஸ் ஏறிடறாங்க. பக்கத்துலயே இருக்கிற வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரத்தடியில கொஞ்ச நேரம் நில்லுங்க. 11 நிலை, சுமார் 192 அடி, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். தமிழ்நாடு அரசு முத்திரைல இருக்கிறது இந்தக் கோபுரம்தான்னு பொதுவா சொல்லுவாங்க (மதுரை மேற்கு கோபுரம்னு சொல்ற கட்சியும் இருக்கு, அந்த சண்டைக்கு நான் வரல). அதுக்குக் கீழதான் "வாய்மையே வெல்லும்".

எனக்குப் புல்லரிச்சது கோபுரத்தோட கதையை நினைச்சப்பதான். வல்லபதேவ பாண்டியனுக்கு மறுமைக்கு வழி என்ன, பரம்பொருள் யாருன்னு சந்தேகம், பதில் சொல்றவங்களுக்குன்னு சபைல பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான். இங்க நந்தவனம் போட்டு பெருமாளுக்கு மாலை கட்டிட்டு இருந்த விஷ்ணுசித்தர் (இவர்தான் பெரியாழ்வார்) கனவுல பெருமாளே வந்து போய் வாதம் பண்ணுன்னாராம், நான் பூ பறிக்கிறவன் எனக்கு என்ன தெரியும்னு இவர் தயங்க, நான் பாத்துக்கறேன் நீ போன்னு அனுப்பி வச்சாராம். இவர் பேசி முடிச்சதும் பொற்கிழி தானா வளைஞ்சு இவர் பக்கம் தாழ்ந்துச்சு. அந்தப் பொன்னை வச்சுத்தான் பெரியாழ்வார் இந்தக் கோபுரத்தை எழுப்பினார்ங்கிறது ஐதீகம். அப்படின்னா வாய்மை ஜெயிச்ச பரிசுதான இது?

இன்னொரு பொருத்தமும் இருக்கு. வாய்மையே வெல்லும்ங்கிற அதே அர்த்தத்துல தேசத்தோட வாசகமா இருக்கிற சத்யமேவ ஜயதே 1950 ஜனவரி 26ல சாரநாத் சிங்கத்தோட சேந்து வந்தது, ஆனா அசோகர் தூணுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் கிடையாது, அது அதர்வண வேதத்தைச் சேர்ந்த முண்டக உபநிஷத்து மந்திரம். நாம முதல் ரெண்டு மூணு வார்த்தையோட நிறுத்திடறோம். மிச்சத்தைப் படிச்சா, சத்தியத்தாலதான் தேவயானம்ங்கிற பாதை விரிஞ்சு கிடக்கு, ஆசையெல்லாம் அடங்கின ரிஷிகள் அது வழியா சத்தியத்தோட பரம இருப்பிடத்துக்குப் போறாங்கன்னு வருது. கோர்ட்டு கேஸ் ஜெயிக்கிற சமாச்சாரமே இல்ல, முழுக்க மோட்சத்துக்குப் போற வழி. பாண்டியன் கேட்டதும் அதைத்தான!

ஜெயிச்சவரை யானை மேல ஏத்தி ஊர்வலம் விட்டப்ப பெருமாள் கருடன் மேல வந்து நின்னார், ஐயோ கண்ணு பட்டுடுமேன்னு ஆழ்வார் யானை மணியையே தாளமா எடுத்துக்கிட்டு பல்லாண்டு பாடினார். சாமிகிட்ட ஒண்ணும் கேக்காம சாமியையே நல்லா இருன்னு வாழ்த்தின மனசு யாருக்கு வரும் சொல்லுங்க.

அப்படியே ஆண்டாள் சன்னதிக்கு வந்தா கர்ப்பகிரகத்துல ரங்கமன்னாரா நிக்கிற பெருமாளும் ஆண்டாள் தாயாரும் மட்டும் இல்ல, கருடாழ்வாரும் கூடவே நிக்கறார், வேற எங்கயும் லேசுல பாக்க முடியாத சேர்க்கை. ஆடிப்பூரத் தேர் சமயத்துல கூட்டம் அம்மும், கோபுரத்தை நிதானமா பாக்கணும்னா சாதாரண நாள்ல காலைலயே போயிடுங்க, மத்தியானம் நடை சாத்திடுவாங்க.