மணிக்கு ஒரு மணல் குழி

மணி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் இன நாய். முகப்பில் பார்த்தால் அடுத்த நொடி பின்கட்டில் நிற்பான். ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில் வழுக்கிக்கொண்டே திரும்புவான்.

முதல் இரண்டு மாதம் கறிவேப்பிலைக் கன்றடியெல்லாம் பள்ளம். திட்டிப் பார்த்தோம், கேட்கவில்லை. அப்புறம்தான் படித்தேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் வழி வந்தவன் இவன். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். இவனிடம் போய்த் தோண்டாதே என்றால் பாவம், என்ன செய்வான்? கிணற்றடி ஓரத்தில் குழி வெட்டி, ஆற்று மணல் நிரப்பி, அவன் பந்தைப் புதைத்து வைத்தோம். இப்போது தோண்டுவதெல்லாம் அங்கேதான்.

பயிற்சி ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. சொன்னதும் உட்கார்ந்தால் அவித்த கோழித் துண்டு ஒன்று. வீட்டில் எல்லாரும் 'உட்கார்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். அப்பத்தா மட்டும் "உக்காருடா ராசா" என்பார்கள். அதற்கும் உட்காருகிறான்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. உப்புக்கறி, குழம்பு எதுவும் அவன் தட்டுக்குப் போகக் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

இதை எழுதும்போது அப்பத்தா காலடியில் சுருண்டு தூங்குகிறான்.