படுத்துப் பார்த்த கூரை

ஒன்பதாம் வகுப்பில் ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த டிராயிங் சார் சாக்பீசைக் கையில் எடுக்கவேயில்லை. "எழும்புங்க மக்களே, அரண்மனைக்குப் போவோம்" என்றார். ஹெட்மாஸ்டரிடம் எப்போது கேட்டார், கேட்டாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் நடக்கிற தூரம்தானே. வெயிலில் வரிசை கலைந்து, கோட்டைச் சுவரைக் கையால் தடவியபடியே உள்ளே போனோம்.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் நின்று மேலே கைகாட்டினார். மரத்தில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. "நின்னு பாத்தா கழுத்து நோவும். படுங்கடே!" பையன்கள் தொப்பென்று விழுந்தார்கள். அந்தக் கறுத்த, வழவழத்த தரையில் மல்லாந்து கிடந்து, விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தோம். 37 வரை எண்ணினேன். கழுத்து வலித்தது, கணக்கு தப்பிவிட்டது. அந்தத் தரையில் படுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

1998-ல் நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்தேன். ஐந்து வருஷம் இந்த மாநகரம் எனக்கு ஒரு வார்டு, இரண்டு பஸ், மாதம் பிறந்தால் ஊருக்கு அனுப்பும் பணம், அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆனால் தேம்ஸ் நதியை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன்.

2003 டிசம்பரில் ஒரு ஞாயிறு. நைட் டூட்டி முடிந்து வரும்போது பஸ் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஏனோ நடந்தேன். செயின்ட் பால்ஸ் தேவாலயம், நடைபாலம், அக்கரையில் ஒரு பெரிய செங்கல் கட்டடம். பழைய மின்நிலையம், 2000-ல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். ஜனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது, நானும் போனேன். காசு கேட்கவில்லை.

உள்ளே சூரியன். டர்பைன் கூடத்தின் கடைசிச் சுவரில், ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் விளக்குகளால் அரை வட்டம் செய்து வைத்திருந்தார். கூரை முழுக்கக் கண்ணாடி, அதில் மீதி அரை வட்டம். நடுவே லேசான புகைமூட்டம். அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறமே இல்லை. என் சிவப்பு ஸ்வெட்டர் கறுப்பாகிக் கிடந்தது. கன்னியாகுமரிக் கடலில் சூரியன் எழுவதையும் விழுவதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு விளக்குச் சூரியன் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகுதான் தரையைப் பார்த்தேன். கிழவர்கள், குழந்தைகள், காதலர்கள் எல்லோரும் மல்லாந்து கிடந்தார்கள்.

பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை நேரம் கிடந்தேனோ, கண்ணோரம் நனைந்து காதுவரை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளுக்கு நான் எந்தத் திட்டமும் வைப்பதில்லை. கால் போன பக்கம் போவேன். வாட்டர்லூ பாலத்தடியில் பழைய புத்தகங்களைப் புரட்டி, பெயரே கேள்விப்படாத ஒருவரின் கவிதையோடு வீடு திரும்பியிருக்கிறேன். 1895-ல் தொடங்கி, 1941 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்துவரும் கோடைக்காலக் கச்சேரிகளுக்கு அன்றன்றைக்கு மலிவாக டிக்கெட் தருவார்கள், நின்றுதான் கேட்க வேண்டும். வார்டில் நின்று பழகிய காலுக்கு அது பாரமில்லை. ஒருநாள் மழைக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒதுங்கினேன். அமராவதிச் சிற்பங்களில் ஒரே ஒரு தாமரையைப் பார்த்துவிட்டு வந்தேன், அன்றைக்கு அது போதும். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள்தான் களைத்துப்போகிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, கதைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவரைக்கூடப் பாட்டுக்காரர் அந்த நேரத்திலேயே பாட்டில் சேர்த்துவிடுவாரே! குடத்தின் சத்தம் கேட்ட திசைக்கு டார்ச்கூட எடுக்காமல் ஓடியவர்கள்தானே நாம். துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கும் என் வகுப்புக்காரர்களே, இப்போது உங்கள் தெருவில் ஏதாவது சத்தம் கேட்கிறதா?

அந்த டிசம்பர் ஞாயிறன்றே காலிங் கார்டு வாங்கி சாருக்குப் போன் செய்தேன். ரிட்டையர் ஆகி வெகு காலம் ஆகியிருந்தது. படுத்ததைச் சொன்னேன். சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"தரை தணுத்துக் கெடந்துதா மக்கா?"

"சிமெண்டுத் தரை சார். நல்ல தணுப்பு."

"மேல என்ன பூ?"

"பூ இல்ல சார், கண்ணாடி. நானாக்கும் இருந்தேன்."