கேன்சர் மெட்டபாலிசம் டேட்டாவை ஒண்ணா சேக்கப் போய் நான் பட்ட பாடு

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு மேடம் இந்த டாபிக்கைக் குடுத்தப்ப மனசுக்குள்ள ஒரே சந்தோசம், லேப்ல நிக்க வேண்டாம், சாம்பிள் எடுக்க வேண்டாம், மெட்டபோலைட்ஸ்னு ஐரோப்பாக்காரங்க டேட்டாபேஸ் ஒண்ணு, மெட்டபாலாமிக்ஸ் வொர்க்பெஞ்ச்னு அமெரிக்காக்காரங்களோடது ஒண்ணு, ரெண்டுலயும் டேட்டா சும்மா கெடக்கு, டவுன்லோட் பண்ணி ஒண்ணா சேத்து கேன்சர் உள்ளவங்க ரத்தத்துல சர்க்கரை, கொழுப்பு ஆசிட் மாதிரி சின்ன மூலக்கூறுல எது கூடுது எது குறையுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். தக்கலையில வீட்டுல இருந்துகிட்டே ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்னு நெனச்சேன். அஞ்சு மாசம் ஆச்சு.

அடிப்படை விசயம் தெரியாதவங்களுக்கு: கேன்சர் செல்லு ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை அள்ளித் தின்னு லாக்டேட்டா மாத்தி வெளிய தள்ளும், ஓட்டோ வார்பர்க் 1920கள்லயே சொன்னது. பெரியம்மாவை திருவனந்தபுரத்துக்கு பெட் (PET) ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போனப்ப ஆறு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னு சொன்னாங்க, பெரியம்மா ஒரு சாயா கூட குடிக்க விடலன்னு வழி முழுக்க திட்டிகிட்டே வந்தா. அந்த ஸ்கேனும் இதே சர்க்கரைப் பசியை வெச்சுதான். அதனால என் டேபிள்லயும் லாக்டேட் கூடி நிக்கும்னு முதல்லயே முடிவு பண்ணி வெச்சிருந்தேன், அதுதான் தப்பு.

ஏழு ஸ்டடி எடுத்தேன். முதல் தலைவலி பேரு. ஒரே பால்மிடிக் ஆசிட் ஒருத்தர் ஃபைல்ல பால்மிடேட், இன்னொருத்தர் ஃபைல்ல ஹெக்ஸாடெகனோயிக் ஆசிட், வேறொண்ணுல சி16:0. நாம மரச்சீனிங்கோம், வடக்க போனா மரவள்ளி, களியக்காவிளை தாண்டினா கப்பா, கிழங்கு ஒண்ணுதானே, அதே கதை. சரி பேரு வேண்டாம், ஒவ்வொரு கெமிக்கலுக்கும் குடுத்திருக்குற அடையாள நம்பர், அந்த சிஏஎஸ் நம்பரை வெச்சு சேப்போம்னு போனா எக்செல் கழுத்தை அறுத்துச்சு. பால்மிடிக் ஆசிடோட சிஏஎஸ் நம்பர் 57-10-3. அதை எக்செல் 1957 அக்டோபர் 3ன்னு தேதியா மாத்தி வெச்சிருக்கு! ஸ்டியரிக் ஆசிட் 57-11-4, அது 1957 நவம்பர் 4. ரெண்டு கொழுப்பு ஆசிட் ஏன் எந்த ஸ்டடியோடவும் மேட்ச் ஆகலன்னு ஒன்றரை நாள் தேடினேன் மக்கா, மழைக்கு கரண்டு வேற போய் போய் வந்துச்சு. இப்பல்லாம் ஃபைலை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி தொறக்குறதே கிடையாது, நேரா ஆர் (R)ங்குற ப்ரோகிராம்ல தான், அதுவும் எல்லா காலம்னையும் (column) வெறும் டெக்ஸ்ட்டா.

கடைசில இன்ச்சிகீ தான் கை குடுத்துச்சு. மூலக்கூறோட அமைப்புல இருந்து வர்ற 27 எழுத்து அடையாளக் குறி, ஹைஃபன் உட்பட. அதுல முதல் 14 எழுத்தை மட்டும் வெச்சு சேத்தா லாக்டேட்டும் லாக்டிக் ஆசிடும் ஒண்ணா வந்துரும். ஆனா க்ளூக்கோஸும் கேலக்டோஸும் கூட ஒண்ணா வந்துரும், அணுக்கள் இணைஞ்சிருக்குற எலும்புக்கூடு ஒண்ணு தானே, அதை கையாலதான் பிரிச்சேன். லூசினும் ஐசோலூசினும் வேற மாதிரி தொல்லை, ரெண்டுக்கும் எடை அச்சு அசல் ஒண்ணு, சில மெஷின்ல பிரிஞ்சு வரும், சிலதுல ரெண்டும் சேந்து ஒரே பீக், அதாவது கிராஃப்ல ஒரே முகடு. சேந்து வந்த ஸ்டடிக்கு அந்த வரியை அப்படியே தூக்கிட்டேன்.

அடுத்தது அளவு. ஒரு ஃபைல்ல நம்பர் 0.8, இன்னொண்ணுல 43 லட்சம். யூனிட்டே கிடையாது, அது பீக்கோட பரப்பளவு, அந்தந்த மெஷினுக்கு மட்டும்தான் அர்த்தம். எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டு, எந்த சாம்பிள் எதோட ஒத்துப் போகுதுன்னு காட்டுற பிசிஏ படம் போட்டா ஏழு ஸ்டடியும் ஏழு தீவா நிக்குது. இப்படி ஸ்டடிக்கு ஸ்டடி வர்ற வித்தியாசத்தை அழிக்க காம்பேட்னு ஒரு மெத்தட் உண்டு, 2007ல ஜீன் டேட்டாவுக்காக வந்தது, அதை ஓட்டினதும் தீவெல்லாம் கலந்து ஒரே கூட்டமா ஆயிருச்சு, நான் துள்ளிக் குதிச்சு மேடத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இந்த ஆறாவது ஸ்டடியில நார்மல் ஆளுங்க எங்கம்மா?" இல்ல. அது முழுக்க கேன்சர் பேஷண்ட்டுதான். அப்போ ஸ்டடியோட வித்தியாசம்னு நெனச்சு நான் அழிச்சது கேன்சரோட வித்தியாசத்தையும் சேத்துதான். அதைத் தூக்கினேன், மீதி ஆறுலயும் நம்பரை நேரா சேக்குறதையே விட்டுட்டேன். அந்தந்த ஸ்டடிக்குள்ளயே கேன்சருக்கும் நார்மலுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு முதல்ல கணக்கு பண்ணி, அந்த வித்தியாசங்களை மட்டும், ஸ்டடிக்கு ஸ்டடி அது கொஞ்சம் மாறலாம்னு ஒத்துக்குற ராண்டம் எஃபெக்ட்ஸ் மாடல்ல சேத்தேன். பாக்க பெருசா இருக்காது, ஆனா பொய் சொல்லாது.

அப்பவும் லாக்டேட் மட்டும் அடங்கல. ஒரு ஸ்டடியில எக்கச்சக்கமா கூடுது, க்ளூக்கோஸ் கொறையுது, மத்ததுல அப்படி இல்ல. வார்பர்க் சொன்னது இதுதான்னு எழுதிரலாம்னு கை பரபரத்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் எங்க மைனி வந்திருந்தா, மார்த்தாண்டத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கா. சும்மா பேச்சுக்கு சொன்னேன். "பிள்ளே, அவங்க எந்த டியூப்ல எடுத்தாங்க?"ன்னு கேட்டா. எனக்கு முழிக்கத்தான் தெரிஞ்சுது. "சுகருக்குன்னா நாங்க சாம்பல் மூடி டியூப்ல தான் எடுப்போம், உள்ள ஃப்ளோரைடு இருக்கும். இல்லன்னா ரத்தம் டியூப்ல கெடக்கும்போதே அதுல உள்ள செல்லு சுகரைத் தின்னுகிட்டே இருக்கும். வெளியூர் கலெக்‌ஷன் சென்டர்ல இருந்து லேட்டா வர்ற சாம்பிளுக்கு சுகர் கொறச்சலா தான் காட்டும், டாக்டர் எங்களைத்தான் ஏசுவாரு." அப்புறம் படிச்சுப் பாத்தா உண்மைதான், செல்லைப் பிரிக்காம வெளிய வெச்ச ரத்தத்துல மணிக்கு 5-7% க்ளூக்கோஸ் கொறையும், அதுக்கேத்த மாதிரி லாக்டேட் ஏறும். அப்போ கேன்சர் வார்டு சாம்பிள் லேட்டா லேபுக்கு வந்து, நார்மல் ஆளுங்களோடதை உடனே சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி செல்லைப் பிரிச்சிருந்தா, என் டேபிள்ல தெரியுறது கேன்சரா காத்துக் கெடந்த நேரமா?

மறுபடி ஆறு பேப்பரோட மெத்தட்ஸ் பகுதியையும் வரி வரியா படிச்சேன். ரத்தம் எடுத்ததுக்கும் சென்ட்ரிஃபியூஜ் பண்ணுனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு நாலுல எழுதியிருக்கு, ரெண்டுல இல்ல, அதுல ஒண்ணுதான் அந்த லாக்டேட் ஸ்டடி. ரெண்டு பேருக்கும் மெயில் போட்டேன். ஒருத்தர் மூணு நாள்ல, ஐஸ்ல வெச்சு அரை மணி நேரத்துக்குள்ள பிரிச்சோம்னு பதில் போட்டாரு. லாக்டேட் ஸ்டடிக்காரர் கிட்ட இருந்து இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. அதுல லாக்டேட், க்ளூக்கோஸ் ரெண்டு வரியையும் எடுத்துட்டு மத்ததை மட்டும் சேத்திருக்கேன், ஏன் எடுத்தேன்னு தீசிஸ்ல ஒரு முழுப் பக்கம் எழுதியாச்சு. மைனி பேரு நன்றி பக்கத்துல போகுது, இனிஷியல் சரியா போடணும்னு ரெண்டு தடவை போன் பண்ணிட்டா.