நீல்காயைச் சுட்டது சுலபம், தோலை வெளியே கொண்டுவந்ததுதான் பெரும்பாடு

தெற்கு டெக்சாஸில் நீல்காய் (மான் போன்ற பெரிய விலங்கு) வேட்டைக்குக் கிளம்பும் நம்மவர்கள் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கும் முன் விசாவைப் பற்றி யோசியுங்கள். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இந்த விலக்குதான் துப்பாக்கிக் கடைக் கவுன்ட்டரில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகப் போன இடத்தில் லைசென்ஸை நீட்டியும், "விசாவா? முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் எரிகிறது. 922(ஒய்)(2) என்ற சட்டப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் காதடைப்பானை எடுத்து நீட்டினார்.

லைசென்ஸ் வாங்குவதில் சிக்கல் இல்லை. ஆன்லைனில் பாதுகாப்பு வகுப்பு. ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் குடியிருந்தால் 25 டாலர். நீல்காய்க்கு சீசனும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. ஆனால் நிலம் தனியாருடையது, பெரிய செலவு அங்கேதான்.

பணம் கட்டுமுன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: காயம்பட்டு ஓடிப்போனால் என்ன? பெரும்பாலான இடங்களில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே முழுக் கட்டணம். கடாவின் தோல் அவ்வளவு தடிமன், காயம்பட்டாலும் வெளியே ரத்தம் அதிகம் சிந்தாது, தடம் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் கைடுகள் பலர் .300 மேக்னம் என்ற வலுவான தோட்டாவுக்குக் குறைந்து எதையும் விரும்புவதில்லை.

வேட்டை சீக்கிரமே முடிந்தது. கடாக்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சாணம் போடும். கைடு அந்தக் குவியலைப் பூட்ஸ் நுனியால் கிளறினார். மேலே இருந்த புழுக்கைகள் ஈரத்தில் மினுங்கின. ஓக் மரத் தோப்பைச் சுற்றிக் காற்றுக்கு எதிராக நடந்தோம். ஒரே தோட்டா, தோளுக்குக் கீழே.

அப்புறம்தான் கூத்து. மாடுகளுக்குக் காய்ச்சல் பரப்பும் உண்ணியை நீல்காய் சுமப்பதால், தனிமைப்படுத்தப்பட்ட பண்ணையிலிருந்து தோலை வெளியே எடுக்கப் பரிசோதனையும் மருந்தும் கட்டாயம். ஏற்பாடு செய்தவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்பியதே சுட்ட பிறகுதான்! வெயிலில் ஐஸ் கரைய, நான் பெட்டிக்கு நிழல் தேடி அலைந்தேன். உங்கள் பண்ணை தடையில் இருக்கிறதா, ஆய்வாளரை யார் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வடக்கே திரும்பும்போது சரிட்டா அருகே எல்லைக் காவல் சோதனைச் சாவடி வரும். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) கையில் இருக்கட்டும். கொம்பை ஊருக்கு எடுத்துப்போகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். இந்திய வனவிலங்குச் சட்டத்தில் நீல்காய் பாதுகாக்கப்பட்ட விலங்கு.