வாவிக்கரை, 1956

கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய உதவியுடன் 1956இல் இலங்கை வானிலிருந்து படம்பிடிக்கப்பட்டது. அத்தொகுதியில் மட்டக்களப்பு வாவியின் ஒரு பகுதியைக் காட்டும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் சில மாதங்களாக என் மேசையில் இருக்கின்றன. அளவுத்திட்டம் 1:40,000, படத்தில் ஒரு சென்ரிமீற்றர், தரையில் 400 மீற்றர். எழுவான்கரையின், அதாவது வாவியின் கிழக்குக் கரையின், தென்னந்தோட்டங்கள் அதில் புள்ளிக்கோலம் போலத் தெரிகின்றன. அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 வீதம் ஒன்றோடொன்று மேற்படியுமாறு எடுக்கப்பட்டிருப்பதால், இரு படங்களை ஒன்றாக்கி முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கண்டல் மரங்கள் தாளைவிட்டு எழுந்து நிற்கின்றன. அதே கருமையுடன் தோன்றும் ஈர வயலோ தட்டையாகவே கிடக்கிறது.

புளியந்தீவுக் கோட்டையின் மூலைகளையும் கல்லடிப் பாலத்தின் இரு முனைகளையும் பிடிமானமாகக் கொண்டு பழைய படத்தை இன்றைய செய்மதிப் படத்தின்மேல் பொருத்தினேன். வாவி கரையை விழுங்கிவிட்டதென்றே தோன்றியது. வாவியில் வாழ்நாள் முழுவதும் தோணி வலித்த அயல்வீட்டுப் பெரியப்பாவிடம் அதைப் பெருமையோடு காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய படத்தின் கரையோரத்தில் வெளுத்துக் கிடந்த மணற்பட்டியை விரலால் தடவியவர், "இது கோடையில எடுத்தது மனே. உன்ர மற்றப் படம் மாரியில எடுத்ததா?" என்றார். செய்மதிப் படம் தை மாதத்துக்குரியது. மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பி, கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்மேடு வெட்டப்படும்வரை தாழ்நிலமெங்கும் நீர் பரந்து நிற்கும் என்பதை, இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த நான் கணினியின் முன் மறந்துபோனேன்.

கோடைப் படங்களை மட்டும் எடுத்து மறுபடி பொருத்தியபோது கரைக்கோடு பெரும்பாலும் ஒத்து வந்தது. உண்மையில் குறைந்திருந்தது கண்டல்தான். எனினும் 1956க்கும் இன்றைக்கும் இடையே 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் நீண்ட போரும் இருக்கின்றன; இரண்டு படங்களை வைத்து எதையும் குற்றவாளியாக்க முடியாது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்து, 1995இல் இரகசிய நிலையிலிருந்து விடுவித்த கொரோனா உளவுச் செய்மதிப் படங்களும், 1972இல் தொடங்கிய லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதிகளின் படங்களும் இடைவெளியை ஓரளவு நிரப்பும். 1956ஐ இயற்கையின் தொடக்க நிலையாகக் கொள்வதும் தவறு. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949இலேயே தொடங்கி, இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டுவிட்டது.

இப்போது ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஆண்டுக்கு முன்னால் மாதத்தைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.