சீட்டுப் பணத்தில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

ஆடியில் சீட்டு எடுத்தேன். ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டு; 4,500 தள்ளு போய் கைக்கு வந்தது 45,500. சீட்டு பிடிக்கும் அக்கா பணத்தை எண்ணிக்கொண்டே, "கல்யாணத்துக்கா தம்பி?" என்று கேட்டார். "ஒரு செலவு இருக்குக்கா" என்று மழுப்பிவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வயதில் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று எங்கள் வடசென்னை காலடிப்பேட்டையில் யாரிடமும் சொல்ல முடியாது. இது 2024 கதை. இதில் வரும் விலையெல்லாம் அந்த ஆடி மாதத்தோடு சரி, இன்றைக்கு யாரும் அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

எல்லோரும் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரில் ஆரம்பிப்பார்கள். யூடியூபில் வரும் வீடியோக்களும் அப்படித்தான். நான் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் உண்டு. கல்லூரி நாட்களில் தேரடிப் பக்கம் நண்பனின் அண்ணன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டு மெஷின். ஒரு மே மாத மத்தியானம் டியூப்லைட் மங்கியது, ஃபேன் கிழவன் நடப்பது போலச் சுற்றியது, அப்புறம் கரண்ட் ஒரேயடியாகத் தூக்கியடித்தது. மூன்றாவது மெஷினில் 'டப்' என்று சத்தம். கூடவே ஒரு மீன் வாடை. காசிமேட்டுக் காற்றில் வளர்ந்த எங்களுக்கே பொறுக்கவில்லை. வெடித்த கெப்பாசிட்டர் அப்படித்தான் நாறும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அண்ணன் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது. மேலே தங்க நிறத்தில் 450 வாட்ஸ் என்று போட்டிருந்தது. போனது தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

எனக்கு மண்ணடியில் ஷிப்பிங் பில் அடிக்கும் வேலை. சனிக்கிழமை அரைநாள். மதியம் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். முதல் கடையிலேயே விசாரணை ஆரம்பித்தது.

"இன்னா பட்ஜெட்டு தம்பி?"

"நாப்பத்தஞ்சுண்ணே."

"மானிட்டரோடயா?"

"மானிட்டர் இருக்குண்ணே."

அவர் துண்டுச் சீட்டில் மளமளவென்று எழுதினார். ஐ5 12400எஃப் ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கேபினெட். எஸ்எம்பிஎஸ் எங்கே என்று கேட்டேன். "அது கேபினெட்டோடயே வருது தம்பி, ஃப்ரீ."

அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ்ஸைக் கொஞ்சம் காட்டச் சொல்லி லேபிளைப் படித்தேன். மேலே எத்தனை வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். கீழே கட்டம் கட்டி ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதில் 12 வோல்ட் கட்டத்தைப் பிடிக்க வேண்டும். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அங்கேதான். ஃப்ரீயில் 16 ஆம்பியர் இருந்தது. 12ஆல் பெருக்கினால் 192 வாட்ஸ். பெயர் 450. பக்கத்துக் கடையில் நான் கடைசியாக வாங்கிய 550 வாட்ஸ் பிராண்டட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட்ஸ். விலை 4,200. கையில் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. 'பிரான்ஸ்', அதாவது வெண்கலத் தரம் என்ற சான்றிதழும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் கரண்டை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்றுதான் சொல்கிறதே தவிர, உள்ளே பாதுகாப்பு எப்படி என்று சொல்வதில்லை. லோ வோல்டேஜ், ஷார்ட், ஓவர்லோடு வந்தால் தானாக நின்றுகொள்ளுமா என்பதை ரிவ்யூவில் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு, ஸ்க்ரீனுக்குப் படம் போட்டுக் கொடுப்பது. இதற்குத்தான் ரொம்ப அலைந்தேன். பட்ஜெட்டில் கிட்டத்தட்ட பாதி இதற்கே போகும், போகவும் வேண்டும். கேம் ஓடுவது முக்கியமாக இதில்தான். முதல் கடைக்காரர் எழுதிக் கொடுத்ததில் எனக்கு ஒப்பாதது இதுதான்: ப்ராசசர் ஜோர், கார்டு 2019இல் வந்த 4 ஜிபி. பட்டுச் சட்டையும் கிழிந்த கைலியும் மாதிரி.

இன்னொரு சந்துக்குள் ஒருவர் 'ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி' என்று ஒரு கார்டை எடுத்து நீட்டினார். 7,500 ரூபாய், பில் கிடையாது. நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பெட்டியின் ஓரத்தில் பொடியாக '2048எஸ்பி' என்று இருந்ததைப் பார்த்துத்தான் நிதானத்துக்கு வந்தேன். ஒரிஜினல் 580இல் ஷேடர்கள், அதாவது படத்துக்குக் கணக்குப் போடும் குட்டி யூனிட்டுகள், 2,304. 2,048 என்பது 570இன் கணக்கு. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு வந்த கதை. டிஜிட்டல் காசு தோண்டும் காயின் மைனிங்கில் இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டா என்பதும் வெளியில் பார்த்தால் தெரியாது. ஃபேனை விரலால் லேசாகத் தள்ளினேன், கரகரவென்றது. வைத்துவிட்டேன்.

இதே சட்டை விவகாரம் புதுக் கார்டிலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு இருக்கின்றன, ஒன்று 8 ஜிபி, இன்னொன்று 2024 ஆரம்பத்தில் வந்த 6 ஜிபி. மெமரியில் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்தால் ஏமாந்தோம். சின்னதில் கணக்குப் போடும் கோர்களும் குறைவு, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல், 96 பிட்தான். 70 வாட்ஸில் ஓடும், தனியாகப் பவர் ஒயர் வேண்டாம் என்பது அதன் நல்ல குணம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு ஆர்எக்ஸ் 6600 அமைந்தது. 8 ஜிபி, 132 வாட்ஸ், 1080பியில் (ஃபுல் எச்டி) விளையாட அந்த விலையில் 8 ஜிபி 3050ஐ விட வேகம். 20,700 ரூபாய், பில்லோடு. சின்னப் படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வேண்டும் என்பவர்கள், ஆர்டிஎக்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியா பக்கமே போகட்டும்.

பில் என்றதும் ஒன்று. "பில் வேணாம்னா கொஞ்சம் பாத்து போடுறேன்" என்று ஏறக்குறைய எல்லாக் கடையிலும் சொன்னார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆசை வரத்தான் செய்யும். மூன்று வருட வாரண்டியை யார் முகத்தைக் காட்டி வாங்குவது?

கார்டுக்கு 20,700, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,200 போன பிறகு ப்ராசசருக்கு எட்டாயிரம்தான் மிச்சம். அந்தக் காசில் இரண்டு பேர் நின்றார்கள்: ஐ3 12100எஃப், ரைசன் 5 5500. ஐ3க்கு நான்கு கோர், ஆனால் ஒவ்வொன்றும் சுறுசுறுப்பு. பல கேம்களில் அது ஒரு கை முன்னால் போகும். 5500க்கு ஆறு கோர், ஆனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 16 எம்பிதான், அதன் அண்ணன் 5600இல் இருப்பதில் பாதி. இன்னொரு குறை, கார்டோடு பேசும் பிசிஐஇ பாதையில் இது பழைய 3.0 மட்டும் பேசும். ஆர்எக்ஸ் 6600க்கு அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. இதே ப்ராசசரில் ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி போட்டிருந்தால் தலையில் துண்டு போட்டிருப்பேன். அதற்கு நான்கே லேன், மெமரியும் 4 ஜிபி. மலிவு என்று அந்த ஜோடியை வாங்கிவிட்டு, கேம் திக்குகிறதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் 5500ஐ எடுத்தேன். இந்த ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு என்றாவது இன்னும் வேகமான 5700எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. இந்தக் கணக்கு ஐ3 பக்கமும் ஓரளவு உண்டு என்று ஆபீஸில் ஒருவர் வாதாடினார். இருக்கட்டும். 7,900 ரூபாய். பி450எம் மதர்போர்டு 5,700. அது 2018இல் வந்த சிப்செட் என்பதால் பெட்டியில் 'ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி' ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். பழைய ஸ்டாக்காக இருந்து, போர்டிலேயே இருக்கும் ஆரம்ப சாஃப்ட்வேரான பயோஸ் அப்டேட் ஆகவில்லை என்றால் ஸ்க்ரீனில் ஒன்றும் வராது. ராம் 8 ஜிபி இரண்டு, 3,200 ரூபாய். 500 ஜிபி எஸ்எஸ்டி 2,900.

கேபினெட்டில் கண்ணாடி முகப்பு, கலர் லைட் எல்லாம் வரிசையாக நின்றன. என் அறை மொட்டைமாடியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்திரையில் உள்ளே போனால் நாமே வெந்துபோவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதி வேறு. முன்பக்கம் வலை வைத்தது, கழற்றித் தட்டக்கூடிய ஃபில்டர் உள்ளது, இரண்டு ஃபேன் போட்டது. 2,600. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். கறுப்பாக மை மாதிரி வருகிறது. கடல் காற்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை. பின்பக்க ஸ்க்ரூக்கள் இப்போதே சிவக்க ஆரம்பித்துவிட்டன.

எல்லாம் சேர்ந்து 47,200. கணக்குக்கு மேலே 1,700 கையைக் கடித்தது.

மாட்டியது வீட்டில், கேரம் போர்டின் மேல். எங்கள் பக்கம் வீட்டில் கட்டில் இல்லாவிட்டாலும் கேரம் போர்டு இருக்கும். ஸ்ட்ரைக்கர் வாங்குவதற்கே ஒரு மணி நேரம் உருட்டி உருட்டிப் பார்க்கிற ஊர் இது. பவுடரை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தேன். சமமான பலகை, சுற்றிலும் சட்டம், ஸ்க்ரூ உருண்டு கீழே போகாது. குழி இருப்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

5500 பெட்டியோடு வரும், ப்ராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரை மாட்ட, மதர்போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்க்ரூ. நான்காவதைக் கழற்றியதும் அடியில் 'டொக்' என்றது. மதர்போர்டின் பின்பக்கம் இருந்த இரும்புத் தகடு விழுந்துவிட்டது. அந்த ஸ்க்ரூக்கள்தான் அதையும் பிடித்துக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியாது. போர்டையே உடைத்துவிட்டேன் என்று வியர்த்துப்போனது. என் கூடப்பிறந்த அக்கா பையன், எட்டாவது படிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான். "கையைக் கழுவிட்டு வாடா" என்றேன். அவன் கீழேயிருந்து தகட்டைத் தாங்கிப் பிடிக்க, நான் மேலேயிருந்து கூலரை இறக்கினேன். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் கூலரிலேயே பூசி வருகிறது, தொடக் கூடாது, எடுத்து எடுத்து வைக்கவும் கூடாது. ஸ்க்ரூவை ஒரு மூலை, அதற்கு நேரெதிர் மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஏற்றி முடித்து, முதலில் கழற்றிய ஸ்க்ரூக்களை எடுத்து வைக்கப் பார்த்தால் மூன்றுதான் இருந்தது. நான்காவதைக் காணோம். கேரம் குழியின் வலைக்குள் கிடந்தது. "மாமா, ஃபாலோ போட்டாதான் செல்லும்" என்றான் பையன்.

ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, ஸ்க்ரீனில் ஒன்றுமில்லை. ராமைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன். இருபது நிமிடம் கழித்துத்தான் போர்டின் மேல் மூலையில் எட்டு ஊசி காலியாக இருப்பது கண்ணில் பட்டது. ப்ராசசருக்குத் தனியாகப் பவர் கொடுக்க வேண்டும். 4+4 என்று பிரிகிற ஒயர் அதற்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. இரண்டும் எட்டுதான், ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது. போகாததைத் திணிக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று தெரிந்தது. 3200 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிட, பயோஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்றை நாம்தான் ஆன் செய்ய வேண்டுமாம். இதைக் கடையிலும் சொல்லவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை.

மானிட்டர், ஆபீஸில் கழித்துப்போட்ட 22 இஞ்ச். விஜிஏ, டிவிஐ என்று ஒயர் செருகும் இடம் இரண்டு மட்டும் இருக்கும் பழசு. கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். விஜிஏ கன்வர்ட்டர் விற்கப் பார்த்தார்கள். எச்டிஎம்ஐ டு டிவிஐ ஒயர் 250 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன், படம் பளிச்சென்று வருகிறது. அதைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் வாலரண்ட் கேம் ஆடிக்கொண்டிருந்தான். மூலையில் எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்குக் கார்டு போடும் படங்களின் எண்ணிக்கை, 200ஐத் தாண்டி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் திரும்பாமலே கேட்டான்: "மாமா, இந்த மானிட்டர் எத்தினி ஹெர்ட்ஸ்?"

"60டா. நொடிக்கு அறுபது படம்தான் காட்டும்."

"அப்போ 200 வந்து இன்னா ஆவப்போவுது?"

சீட்டு அக்காவிடம் தை மாதம் புதுசாக ஒன்று ஆரம்பிக்கிறதாம். பெயர் கொடுத்திருக்கிறேன்.